குளிர்ப்பெட்டியிலுள்ள எரிவாயு: அதன் குணங்களும் அபாயமின்றிக் கையாளும் முறையும்

பாலும் தயிரும் கெடாமல் வைப்பதற்கும், கால்நடைகளுக்குப் போடவேண்டிய கோமாரித் தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் காப்பதற்கும் குளிர்ப்பெட்டி கிராமங்களில் பெரிதும் உபயோகப்பட்டு வருகிறது. ஜனங்கள் பிரிட்ஜ் என்று அழைக்கும் இப்பெட்டியில் குளிர்ச்சியை உண்டாக்கும் வஸ்து யாது என்பதை அறிந்தவர் சிலரே. இக்காலத்தில் வீட்டு உபயோகத்துக்காகச் செய்யப்படும் பெட்டிகள் பலவற்றில் அடைக்கப்பட்டிருப்பது ஐசோபியூட்டேன் என்னும் வாயு. இது அடுப்பெரிக்கும் சிலிண்டர் வாயுவின் இனத்தைச் சேர்ந்தது, எளிதில் தீப்பற்றக்கூடியது. இதைக் குறித்து அச்சம் வேண்டியதில்லை. ஆனால் அசட்டையும் கூடாது.

குளிர்ச்சி உண்டாகும் விதம்

மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய உஷ்ணத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. குளிர்ப்பெட்டியில் நடப்பதும் இதுவே. ஐசோபியூட்டேன் சாதாரணக் காற்றழுத்தத்தில், பூஜ்யத்துக்குக் கீழ் சுமார் 12 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பெட்டிக்குள் ஆவியாகி உஷ்ணத்தை வாங்கிக்கொண்ட வாயுவைக் கம்பிரஸர் என்னும் யந்திரம் இறுக்கி வெளிக்குழாய்களுக்குத் தள்ளுகிறது. அங்கே அது உஷ்ணத்தை வெளிவிட்டுத் திரவமாகி, மறுபடியும் உள்ளே செல்கிறது. ஒரே வாயு சுற்றிச் சுற்றி வருகிறதேயன்றிச் செலவாவதில்லை. ஆகையால் வருஷந்தோறும் வாயு நிரப்பவேண்டும் என்பது தவறு. வாயு குறைந்திருப்பின் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள்.

எரியும் வாயுவை ஏன் உபயோகிக்கிறார்கள்?

முன்பு பிரியான்-12 என்னும் எரியாத வாயு எங்கும் உபயோகத்தில் இருந்தது. இவ்வினத்து வாயுக்கள் சூரியனின் தீய கிரணங்களைத் தடுக்கும் ஓஸோன் படலத்தைச் சிதைக்கும் என்று 1974-ல் மோலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். 1987-ல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின் பயனாக அவை விலக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ என்னும் வாயு ஓஸோனைக் கெடுப்பதில்லை. எனினும் நூறு ஆண்டுக் கணக்கில், சம எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியின் உஷ்ணத்தை அதிகரிக்கச் செய்வது. இத்தகைய வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலி நகரில் முடிவு செய்யப்பட்டது. ஐசோபியூட்டேன் ஓஸோனைத் தொடுவதில்லை; பூமியைச் சூடாக்குவதும் மிகச் சொற்பம். எரியும் தன்மையே அதன் பெருங்குறை.

அறியவேண்டிய மூன்று குணங்கள்

முதலாவது, இவ்வாயு காற்றைப்போல் இரண்டு மடங்கு கனமுள்ளது. கசிந்தால் மேலே எழும்பாமல் தரையை ஒட்டிப் படரும், பள்ளங்களில் தேங்கும்.

இரண்டாவது, காற்றில் நூற்றுக்கு 1.8 பங்கு முதல் 8.4 பங்கு வரை கலந்திருக்கும்போதுதான் இது தீப்பற்றும். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 43 கிராம் கலந்தால் கீழ் எல்லை எட்டப்படும்.

மூன்றாவது, சமையல் வாயுவில் கசிவை அறிவிப்பதற்காகத் துர்நாற்றப் பொருள் சேர்க்கப்படுகிறது. குளிர்ப்பெட்டி வாயுவில் அவ்விதம் சேர்ப்பதில்லை. ஆகையால் மூக்கை நம்பியிருத்தல் ஆகாது.

ஒரு கணக்கு

நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 அடியுள்ள அறையின் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். பெட்டியிலுள்ள வாயு 50 கிராம் என்று கொள்வோம். அது முழுதும் கசிந்து அறையெங்கும் சமமாகப் பரவினால் கன மீட்டருக்கு 2 கிராம்கூட ஆகாது, தீப்பற்றாது. அதே வாயு காற்றோட்டமின்றித் தரையில் அரைச் சாண் உயரத்துக்குள்ளேயே தேங்குமானால் கன மீட்டருக்கு சுமார் 47 கிராம் ஆகிவிடும். ஒரு பொறி போதும்.

200 லிட்டர் பெட்டியின் உட்புறத்தை நோக்கினால் அபாயம் இன்னும் தெளிவாகும். அதனுள் 10 கிராம் மாத்திரம் கசிந்தாலும் கன மீட்டருக்கு 50 கிராம் என்ற கணக்காகும். பெட்டியின் உள்விளக்கையும் விசையையும் பொறி வெளிப்படாதவாறு அமைப்பது இதனாலேயே. கடையில் கிடைத்த வேறு விளக்கையோ விசையையோ அதனுள் பொருத்துவது பெரும் பிழை.

வீட்டார் கவனிக்கவேண்டியவை

உறைபனி கட்டிய பெட்டியில் கத்தி, கரண்டிக் காம்பு முதலியவற்றால் பனியைப் பெயர்ப்பது பல வீடுகளில் வழக்கம். மறுநாள் தடுப்பூசி போடவேண்டும் என்ற அவசரத்தில் மருந்துப் புட்டியை எடுப்பதற்காக இவ்விதம் குத்துவோரும் உண்டு. பனிக்குப் பின்னால் இருப்பது மெல்லிய உலோகத் தகட்டிலமைந்த வாயுக் குழாய். அது துளைபட்டால் வாயு பெட்டிக்குள்ளேயே நிரம்பும். மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால் பனி தானே உருகும். மருந்தை அதுவரையில் பனிக்கட்டிப் பொதிகள் இட்ட பெட்டியில், புட்டிகள் பொதியை நேரே தொடாதபடி வைத்துக் காக்கலாம். அது உறைந்து போகலாகாது.

பெட்டியை அடுப்பருகிலும், பள்ளமான உள்ளறையிலும் வைக்கலாகாது. வாயிற்படி உயர்ந்த அறையில் தரையிலுள்ள வாயு வெளியேறுவது தாமதமாகும். பின்புறத்தில் காற்றோட இடம் விடவேண்டும்.

யந்திரம் ஓயாது ஓடியும் குளிராமை, சீறும் ஒலி, குழாயில் எண்ணெய்க் கறை ஆகியவை கசிவின் குறிகள். கசிவென்று தோன்றினால் அடுப்பையும் விளக்கையும் அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, யாவரும் வெளியேறவேண்டும். அவ்வறையிலுள்ள எந்த மின்விசையையும் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். மின்சாரத்தை வெளியிலுள்ள பிரதான விசையில் நிறுத்துக.

பழுது பார்த்தல்

கம்பிரஸரின்மேல் தீச்சுவாலைக் குறியுடன் மஞ்சள் முக்கோணம் இருப்பின் உள்ளிருப்பது எரியும் வாயு. இதில் பயிற்சி பெற்றவரே தொடவேண்டும். வாயுவை வெட்டவெளியில் நீக்கி, நைட்ரஜன் செலுத்திக் குழாயைச் சுத்தம் செய்து, வெட்டும் கருவியால் அறுத்த பின்னரே பற்றவைப்புச் சுடரை அருகில் கொண்டுவரலாம். எவ்வளவு வாயு என்பதைத் தராசில் நிறுத்து இடவேண்டும். பழைய வாயுவுக்கென்று செய்த பெட்டியில் சமையல் சிலிண்டரிலிருந்து வாயு ஏற்றுவதைச் சிலர் சிக்கனம் என்று எண்ணுகின்றனர். அப்பெட்டியின் விசைகள் எரிவாயுவுக்கு ஏற்றவை அல்ல. ஆகையால் அது வீட்டுக்குள் வைத்த வெடிக்கு ஒப்பாகும்.

அம்மோனியாவுக்கும் இதற்கும் உள்ள பேதம்

உருளைக்கிழங்கு முதலியவற்றைச் சேமிக்கும் பெரிய குளிர்பதனக் கிடங்குகள் பலவற்றில் அம்மோனியா வாயு உபயோகமாகிறது. அது காற்றைவிட இலேசானது; காற்றில் சுமார் 15 முதல் 28 பங்கு வரை கலந்தால்தான் எரியும்; ஆனால் கொடிய நச்சு. அதன் நெடி வெகு சீக்கிரம் எச்சரிக்கும். ஐசோபியூட்டேன் நஞ்சன்று; ஆனால் எச்சரிப்பதுமில்லை. ஒன்றுக்குரிய பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் பொறுப்பிலுள்ள பால் சங்கம், கால்நடை மருந்தகம் முதலிய இடங்களில் பெட்டியின் குறியைப் பார்த்து, வாயுவின் பெயரையும் எடையையும் பதிவேட்டில் குறித்து வைப்பார்களாக. பழைய பெட்டிகளைக் காயலான் கடையில் தீச்சுடரால் அறுக்கும் முன்னர் வாயு நீக்கப்பட்டதா என்று விசாரிப்பதும் அவர்கள் கடமையாகும். குழாய்க்குள் இருக்கும்வரை இவ்வாயு விசுவாசமுள்ள வேலைக்காரன். அதை வெளியே விடாமல் காப்பது வீட்டாரின் கையில் இருக்கிறது.