ஓவியம் கற்பித்த அருட்சகோதரி



"எனக்குப் படம் வரையவே வராது" என்று நம்மில் சொல்லாதவர் யார்? ஆறாம் வகுப்பில் மாம்பழம் வரைந்து பத்துக்கு நான்கு மதிப்பெண் வாங்கிய அன்றே நம்மில் பலர் வண்ணப்பெட்டியை மூடி வைத்துவிட்டோம். அடுத்த ஆண்டு எந்தப் பிரிவு எடுப்பது என்று இப்போது வீட்டில் பேச்சு நடக்கிறது. கணிதம், அறிவியல், வணிகவியல் எல்லாம் அடிபடுகின்றன. ஓவியம் மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. ஆகவே, ஓவியத்தைப் பெரிய பாடமாகவே கற்பித்த ஒரு சிறிய கல்லூரியைப் பற்றி அறிந்தபோது வியப்படைந்தோம். கற்பித்தவர் ஒரு கன்னியாஸ்திரி என்று அறிந்ததும் வியப்பு இரட்டித்தது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு குன்றின்மேல் இருந்தது மாசற்ற இருதயக் கல்லூரி. மரியாளின் மாசற்ற இருதய சபைச் சகோதரிகள் பெண்களுக்காக நடத்தியது. அந்நாட்டில் இத்தகைய கல்லூரியை 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரி என்பர். 'ஆர்ட்ஸ்' என்றதும் ஓவியக் கல்லூரி என்று எண்ணிவிடக் கூடாது. (நாங்கள் முதலில் அப்படித்தான் எண்ணினோம்!) இலக்கியம், வரலாறு, அறிவியல், இறையியல், கலை எனப் பலவற்றையும் படித்து, அவற்றுள் ஒன்றில் ஆழ்ந்து செல்வதே அங்குள்ள முறை.

1918-இல் பிறந்த அருட்சகோதரி மேரி கொரீட்டா கென்ட், 1936-இல் அச்சபையில் சேர்ந்தார். 1947 முதல் அக்கல்லூரியில் ஓவியம் கற்பித்து, 1964-இல் துறைத் தலைவரானார்.

அவருடைய வகுப்பில் முதற்கருவி தூரிகை அன்று. ஓர் அட்டைத் துண்டு! நடுவில் நீள்சதுரமாக ஒரு துளை வெட்டியிருக்கும். அதற்கு 'ஃபைண்டர்' என்று பெயர். மாணவியர் அதைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்கும் டயர் கடைக்கும் போவார்களாம். விளம்பரப் பலகை முழுவதும் தெரியாது. ஓர் எழுத்தின் வளைவு மட்டும் தெரியும். பெயர் மறைந்தவுடன் உருவம் தெரிகிறது. அதைப் பார்க்க வேண்டும், பிறகு வரைய வேண்டும். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில் செய்துவரச் சொல்வார். அத்தனை செய்யும்போது, 'எனக்கு வருமா, வராதா' என்று கவலைப்பட நேரம் ஏது?

அவர் தாமும் உழைத்தார். பட்டுத்திரை அச்சுமுறையில் படங்கள் செய்தார். மரச்சட்டத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடங்களை அடைத்து, ரப்பர் பட்டையால் மையைத் தள்ளினால் கீழுள்ள தாளில் படம் விழும். வண்ணத்துக்கு ஒரு முறை அச்சிட வேண்டும். திருப்பூரில் பனியன்மேல் எழுத்துகளை அச்சிடும் முறையும் இதுவே. செலவு குறைவு, பல பிரதிகள் எடுக்கலாம். ஆகவே எளியவர் வீட்டுச் சுவரிலும் படம் தொங்கும். 1952-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட அருங்காட்சியகப் போட்டியில் அவருடைய படம் முதற்பரிசு பெற்றது. 1962-இல் செய்த ஒரு படத்தில், கடையில் விற்கும் ரொட்டியின் உறையிலிருந்த வண்ண வட்டங்களை வரைந்தார். அவற்றைப் பார்ப்பவருக்கு நற்கருணை அப்பம் நினைவுக்கு வரும். எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கல்லூரியின் மாதா திருநாள் அதுவரை கறுப்பு அங்கியணிந்த அமைதியான பவனியாக நடந்து வந்தது. 1964-இல் அவரும் மாணவியரும் அதைப் பூமாலைகளும் வண்ணப் பதாகைகளுமாக மாற்றினர். உலகில் பசித்திருப்போரை நினைவூட்ட உணவுப்பொருள் விளம்பரங்களையே பதாகைகளாக்கினர். எல்லாருக்கும் இது பிடித்ததென்று சொல்ல முடியாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அச்சபை மேற்கொண்ட மாற்றங்கள் பற்றி உயர்மறைமாவட்டத் தலைமையோடு கருத்து வேற்றுமை வளர்ந்தது. கொரீட்டா 1968-இல் சபையை விட்டு விலகி, பாஸ்டன் நகரில் குடியேறினார். அதைப் பற்றித் தீர்ப்புக் கூற எங்களுக்கு வயது போதாது. 1985-இல் அவர் வரைந்த 'அன்பு' அஞ்சல்தலை 70 கோடிக்கு மேல் விற்றது. 1986-இல் காலமானார். கல்லூரியும் 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அவ்வளாகத்தில் இப்போது திரைப்படக் கலை கற்பிக்கிறார்கள்.

நாங்களும் அவர் முறையைச் செய்து பார்த்தோம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தீப்பெட்டி அளவு துளை வெட்டி, மதிய இடைவேளையில் சிற்றாலயத்தின் படிகளையும் தண்ணீர்க் குழாயையும் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் சலிப்பு வந்தது. பத்தாவது நிமிடத்தில், குழாயடியில் ஈரம் காய்ந்த இடம் ஒரு தீவின் படம்போல் இருப்பதை ஒருத்தி கண்டாள். வரையவே வராது என்று தினமும் சொல்லும் அவள், மணி அடிப்பதற்குள் அந்தத் தீவை ஏழுமுறை வரைந்துவிட்டாள். ஏழாவது படத்தைத்தான் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். அட்டை இன்னும் எங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கிறது. வேண்டுபவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.