பாலாற்றை நாடாளுமன்றப் பதிவில் தேடுவது எப்படி? அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, பாலாறு பற்றியோ தோல் கழிவு பற்றியோ கல்லூரிக்கு புராஜெக்ட் எழுதப் போகிறாயா? செய்தித்தாள் துணுக்கோடு நின்றுவிடாதே. நம்ம ஊர்ப் பிரச்சினைக்கு மத்திய அரசு என்ன பதில் சொன்னது என்பது நாடாளுமன்ற விவாதப் பதிவில் இருக்கிறது. 1952 தொடங்கி மக்களவை விவாதங்களை நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். அத்தனையையும் புரட்ட ஆயுசு போதாது. இண்டெக்ஸைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும்.

எடுத்தவுடன் நம்ம ஊர்ப் பெயரைப் போட்டு ஆம்பூர் என்று தேடாதே. பதில் சொல்லவேண்டிய அமைச்சகம் எது என்று முதலில் யோசி. கேள்விகளுக்கு உறுப்பினர்வாரி இண்டெக்ஸ் ஒன்று, அமைச்சகவாரி இண்டெக்ஸ் ஒன்று இருக்கும். ஒரே பாலாறுதான், ஆனால் கழிவுநீர் கலப்பது சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் வரும். ஆந்திரா கணேசபுரத்தில் அணை கட்டும் தகராறு நீர்வளத்தில் வரும்; 2019-க்குப் பிறகு அதை ஜல்சக்தி என்று பார்க்கவேண்டும். ஷூ ஏற்றுமதி வணிகத்தில், ஷூ கம்பெனிப் பெண்களின் பி.எஃப். தொழிலாளர் அமைச்சகத்தில். இந்த நாலையும் தனித்தனியாகத் தேடு.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். ஆம்பூர் முன்பு வட ஆர்க்காடு மாவட்டம். 1989-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது வட ஆர்க்காடு அம்பேத்கர் ஆனது, பிறகு வேலூர், 2019 முதல் திருப்பத்தூர். நீ தேடும் ஆண்டில் என்ன பெயரோ அதைப் போடு. வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார். நம்ம எம்.பி. அவையில் தமிழில் பேசியிருந்தாலும் பதிவில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே கிடைக்கும். அதனால் ஆங்கிலச் சொற்களையே கொடு.

தேதி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் செத்துப்போனது 2015 ஜனவரி 31. அடுத்து அவை கூடியது பிப்ரவரி 23, பட்ஜெட் கூட்டத்தொடர். தேடலை அங்கே தொடங்கு. அதேபோல, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. அதற்கு 11-வது மக்களவையின் தொகுதிகளை எடு.

தலைப்பில் கான்பூர் என்றோ கங்கை என்றோ இருந்தால் தாண்டிப் போய்விடாதே. தோல் தொழில் பற்றிய பதிலின் பின்னிணைப்பில் மாநிலவாரி அட்டவணை இருந்தால், தமிழ்நாட்டுக் கணக்கு அதற்குள் இருக்கும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் துணைக்கேள்விகளையும் படி. அமைச்சர் வாய்விட்டுச் சொல்வது பெரும்பாலும் அங்கேதான், அது தலைப்பில் தெரியாது. மக்களவையில் விதி 377-ன் கீழ் உறுப்பினர்கள் எழுப்பிய பிரச்சினைகள் தனித் தலைப்பில் இருக்கும். மாநிலங்களவையில் அதற்கு இணையானது சிறப்புக் குறிப்பு.

பழைய அச்சுத் தொகுதியில் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, பத்திக்குத்தான் எண் போட்டிருப்பார்கள். இண்டெக்ஸ் காட்டும் எண் அதுதான்.

"தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்திருந்தால் அதோடு விட்டுவிடாதே. அது அரசு கொடுத்த வாக்குறுதிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றவேண்டும். கண்காணிக்க அவையில் தனிக் குழுவே இருக்கிறது. அடுத்தடுத்த கூட்டத்தொடர்களில் அவையில் வைக்கப்பட்ட தாள்களின் பட்டியலைப் பார்.

கிடைத்ததும் கேள்வி எண், தேதி, அமைச்சகம் மூன்றையும் நோட்டில் குறித்து வை. பதிலை அச்செடுத்து, திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவோடு இணைத்துக் கொடு.