பிஸ்டனுக்கும் முன்பின் உண்டு

எஞ்சினைப் பிரித்து மேசைமீது பரப்பினால், பிஸ்டனைப்போல் எளிய உறுப்பு வேறில்லை என்றே தோன்றும். வட்டமான தலை, வழவழப்பான பக்கம், ஊடே ஒரு பின். எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. சிலிண்டருக்குள் தடையின்றி இறங்கியும் விடுகிறது. தொல்லை அங்கேதான் பிறக்கிறது. தவறாகப் பூட்டிய பிஸ்டன், வண்டி ஓடத் தொடங்கிய பிறகே வாய் திறக்கும். நம் சங்கத்து அன்பர்கள் சிலர் பழைய வண்டிகளை மலிவாக வாங்கி, விடுமுறையில் தாமே பிரித்துப் பூட்டத் துணிந்திருப்பதால் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறியோ சிறு பள்ளமோ இருக்கும். நம்மூர்ப் பட்டறைகளில் ‘ஆரோ மார்க்’ என்பார்கள்; இங்குள்ள மிஸ்திரிகள் ‘தீர்’ என்கிறார்கள். பெரும்பாலான கார் எஞ்சின்களில் அது எஞ்சினின் முன்பக்கத்தை, அதாவது கிராங்க் புல்லி இருக்கும் பக்கத்தை, நோக்க வேண்டும். மாருதி 800 காரில் எஞ்சின் குறுக்காக அமர்ந்திருப்பதால் அம்பு வண்டியின் பக்கவாட்டை நோக்கும். அதே 796 கன செ.மீ. எஞ்சின் ஆம்னியில் நெடுக்காக அமர்ந்திருக்கிறது. அங்கே அம்பு வண்டியின் முகப்பை நோக்கும். ‘வண்டிக்கு முன்னால்’ என்று மனப்பாடம் செய்தவர் ஏமாறும் இடம் இது.

இந்தக் கட்டுப்பாடு ஏன்? வெடிப்பு நிகழ்ந்து பிஸ்டன் கீழிறங்கும்போது கனெக்டிங் ராடு சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த தடியை அழுத்தினால் பக்கவாட்டிலும் ஒரு விசை பிறக்கும் என்பதை முதலாண்டு மாணவரும் அறிவர். அது எவ்வளவு? மாருதி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ.; பிஸ்டன் தலையின் பரப்பு ஏறத்தாழ 36.9 சதுர செ.மீ. கிராங்க் 30 பாகை திரும்பிய நிலையில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 30 கிலோ என்றும், ராடின் நீளம் கிராங்க் ஆரத்தைப்போல் மூன்றரை மடங்கு என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கீழ்நோக்கிய விசை சுமார் 1,100 கிலோ. பக்க விசை சுமார் 160 கிலோ. இரண்டு பருத்த மனிதர்கள் பிஸ்டனைச் சுவரோடு சேர்த்து நெருக்குவதற்கு இது ஒப்பாகும்.

முன்னிருந்து பார்க்கையில் எஞ்சின் வலஞ்சுழியாகச் சுழன்றால், வெடிப்பின்போது பிஸ்டன் இடப்பக்கச் சுவரில் சாயும். அதற்குச் சற்று முன், காற்றை அழுத்தி மேலேறும்போது, வலப்பக்கத்தில் சாய்ந்திருந்தது. ஆகவே உச்சியில் அது பக்கம் மாறியாக வேண்டும். இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே ஆயினும், வெடிப்பின் முழு வேகத்தில் மாறினால் சுவரில் அறைகிறது. இதைத் தணிக்கவே பல பிஸ்டன்களில் பின்னின் துளையை நடுவிலிருந்து சுமார் 1 மி.மீ. அளவு, வெடிப்பின்போது சாயும் பக்கமாகத் தள்ளி அமைக்கிறார்கள். அதனால் அழுத்தம் ஏறும்போதே பிஸ்டன் சிறிது சாய்ந்து, அதன் அடிப்பகுதி முதலில் சுவரைத் தொடுகிறது; தலைப்பகுதி பிறகு மெல்லச் சேர்கிறது. திருப்பிப் பூட்டினாலோ இந்த ஏற்பாடே தலைகீழாகி, காலைக் குளிரில் எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டும். தலையில் வால்வுக்கான குழிகள் உள்ள பிஸ்டனாயின் கேடு இன்னும் பெரிது. குழி இடம் மாறிவிட்டால் வால்வு பிஸ்டனில் மோதலாம்.

ராடுக்கும் தனித் திசை உண்டு. அதன் பெரிய முனையையும் அடியிலுள்ள கேப்பையும் ஒன்றாகப் பூட்டித்தான் துளையைக் கடைகிறார்கள். ஆகவே ஒரு ராடின் கேப் மற்றொன்றுக்கு உதவாது. தன் ராடிலேயே திருப்பிப் போட்டாலும் துளை வட்டமாக அமையாது. பல ராடுகளில் சிலிண்டர் சுவருக்கு எண்ணெய் தெளிக்கும் சிறு துளையும் இருக்கும். அது எப்பக்கம் நோக்கவேண்டும் என்பதை அந்த எஞ்சினின் கையேடு கூறும். ஒரு பட்டறையில் நான் பார்த்த நான்கு சிலிண்டர் எஞ்சினில் அம்புகள் நான்கும் ஒழுங்காக முன்னோக்கி நின்றன. ஒரு ராடின் துளை மட்டும் எதிர்ப்பக்கம் நின்றது. பிஸ்டனையும் ராடையும் இணைக்கும்போதே நேர்ந்த பிழை அது. பின் ராடில் இறுகப் பொருத்தப்படும் வகையாயின், அதைப் பிரித்தெடுக்கையில் பிஸ்டனே கெடக்கூடும்.

நம் விடுதிகளில் பலரும் ஆசையோடு பேசும் யமஹா ஆர்.எக்ஸ். 100 இரண்டு ஸ்ட்ரோக் வகை. அதற்கு விதி வேறு: அம்பு புகைபோக்கித் துளையை நோக்க வேண்டும். ரிங்குகளின் வாய் சுழன்றுவிடாதபடி பள்ளத்தில் சிறு முளைகள் உள்ளன. பிஸ்டனைத் திருப்பினால் ரிங்கின் வாய் துளைக்கு நேரே வந்து, விளிம்பில் மாட்டி ஒடிந்துவிடும்.

பிரிக்கும்போதே ராடு, கேப் இரண்டிலும் ஒரே பக்கத்தில் சிலிண்டர் எண்ணைப் பெயிண்டால் எழுதிவிடுங்கள். பஞ்சு வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டாம். பூட்டும்போது ஒவ்வொரு கேப்பையும் முடுக்கியவுடன் கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கேனும் இறுகினால், கடைசியாகப் பூட்டிய ராடைக் கழற்றி, அதன் எண்ணையும் துளையையும் அம்பையும் மறுபடி பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.