மூலமும் உரையும்: அமெரிக்க உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் சில

ஒரு நூல் எத்துணைச் சிறந்ததாயினும் அதற்கு உரை இன்றியமையாதது என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். திருக்குறளின் மூலம் ஒன்றே, உரைகளோ பல. ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருளும் பரிமேலழகர் வேறொரு பொருளும் கொண்ட இடங்கள் உள. இலக்கியத்தில் உரை வேறுபட்டாற் புலவரிடையே வாதம் நிகழும், அவ்வளவே. ஒரு நாட்டின் அரசியல் யாப்பிற்கு உரை வேறுபட்டாலோ மாந்தரின் வாழ்வே வேறுபடும். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு தக்க சான்றாகும்.

1787 இல் வரையப்பெற்ற அந்நாட்டு யாப்பு அளவாற் சிறியது. உறுப்புகள் 7, பின்னர்ச் சேர்ந்த திருத்தங்கள் 27. இத்துணைச் சுருங்கிய நூலுக்கு முடிந்த உரை கூறும் உரிமை யாருடையது? மூலம் அதனை வெளிப்படக் கூறவில்லை. விடை ஒரு சிறு வழக்கிற் பிறந்தது.

1801 இற் பதவி நீங்குந் தறுவாயிலிருந்த ஜனாதிபதி ஜோன் அடம்ஸ், தம் கட்சியைச் சார்ந்தோர் பலரைச் சமாதான நீதவான்களாக நியமித்தார். வில்லியம் மாபரி என்பாரின் நியமனப் பத்திரம் கையொப்பமும் முத்திரையும் பெற்றது. உரியவர் கைக்குச் சேரவில்லை. அடுத்து வந்த ஜெபர்சனின் ஆட்சியில் இராஜாங்கச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் மடிசன் அதனைக் கொடாது விடுத்தார். மாபரி நேரே உயர் நீதிமன்றத்தை நாடினார்.

பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷலின் நிலை இக்கட்டானது. பத்திரத்தைக் கொடுக்குமாறு கட்டளையிட்டால் அரசு அதனைப் புறக்கணிக்கக்கூடும். மன்றத்திடம் படையுமில்லை, பணமுமில்லை. வாளாவிருந்தாலோ மன்றம் அஞ்சிற்று என்பர். 1803 பெப்ருவரி 24 இல் அவர் கூறிய தீர்ப்பு இது: பத்திரம் பெறும் உரிமை மாபரிக்கு உண்டு, ஆயினும் இத்தகைய வழக்கை நேரே உயர் நீதிமன்றத்தில் தொடுக்க இடமளித்த 1789 ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு யாப்புக்கு முரணானது, ஆதலின் அது செல்லாது. மாபரிக்குப் பதவி கிட்டவில்லை. மன்றமோ, சட்டத்தை யாப்போடு ஒப்புநோக்கிச் செல்லாதெனக் கூறும் பேரதிகாரத்தை நிலைநாட்டிக்கொண்டது.

அதிகாரம் உண்டு என்பது ஒன்று; அஃது அறவழி நிற்கும் என்பது வேறொன்று. காங்கிரசு இயற்றிய சட்டமொன்றை அம்மன்றம் மீண்டுஞ் செல்லாததாக்கியது 54 ஆண்டுகள் கழித்தே. அடிமையாகப் பிறந்த ட்றெட் ஸ்கொட் என்பார், அடிமைமுறை இல்லாத நிலப்பகுதியில் வாழ்ந்தமையால் தாம் விடுதலை பெற்றவர் என வழக்காடினார். 1857 இல் மன்றம், அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள் குடிமக்களாகார் என்றும், புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்றும் கூறிற்று. இரு நீதியரசர் மட்டுமே மறுத்தனர். பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டு நான்காண்டுகள் நாட்டை அழித்தது. இங்கு உரை திருந்தவில்லை. மூலமே திருத்தப்பட வேண்டியதாயிற்று. 1865 இல் 13 ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868 இல் 14 ஆவது திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவர்க்கும் மறுத்தலாகாது என விதித்தது.

'சமம்' என்னும் அச்சொல்லுக்கு உரை யாது? 1892 இல் ஹோமர் பிளெசி என்பார் லூசியானா மாநிலத்தில் வெள்ளையர்க்கென ஒதுக்கிய புகையிரதப் பெட்டியில் வேண்டுமென்றே ஏறியமர்ந்து கைதானார். 1896 இல் மன்றம், பிரித்து வைத்தாலும் வசதி சமமாயின் குற்றமில்லை என உரைத்தது. எழுவர் ஒருபுறம், ஜோன் ஹார்லன் ஒருவரே மறுபுறம். அவர் அடிமைகளை உடைமையாகக் கொண்ட குடும்பத்திற் பிறந்தவர். எனினும் யாப்பு நிறம் பார்ப்பதன்று என்றும், இத்தீர்ப்பு ட்றெட் ஸ்கொட் தீர்ப்பைப் போன்றே தீங்கு பயக்கும் என்றும் எழுதிவைத்தார். 1911 இல் அவர் மறைந்தபோது அம்மறுப்புரை ஏட்டளவிலேயே இருந்தது.

மாணவர் அறியத்தக்க வேறொரு வழக்கும் உண்டு. பாடசாலையிற் கொடிக்கு வணக்கஞ் செலுத்துதல் தம் சமய நம்பிக்கைக்கு மாறு என்று யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மறுத்தனர், பாடசாலையினின்றும் நீக்கப்பட்டனர். 1940 இல் மன்றம் எண்மர்க்கு ஒருவர் என்ற கணக்கில் அந்நீக்கம் சரியே என்றது. மூன்றே ஆண்டுகளில், 1943 இல், அறுவர்க்கு மூவர் என்ற கணக்கில் அதனை மாற்றியது. முன்னர் உடன்பட்டோருள் மூவர் தாம் தவறியதாக உணர்ந்து கருத்தை மாற்றிக்கொண்டனர். எதனை நம்பவேண்டும் எனக் கட்டளையிடும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இல்லை என்பதே நீதியரசர் ரொபேட் ஜக்சன் எழுதிய தீர்ப்பின் சாரம்.

ஹார்லனின் மறுப்புரைக்கு வெற்றி கிட்ட 58 ஆண்டுகள் சென்றன. கான்சாஸ் மாநிலத்துச் சிறுமி லிண்டா பிறவுண், வீட்டுக்கு அண்மையிலிருந்த வெள்ளையர் பாடசாலையிற் சேர மறுக்கப்பட்டாள். அவள் தந்தையும் பிற மாநிலப் பெற்றோரும் தொடுத்த வழக்குகள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. அவற்றை நடத்திய சட்டத்தரணிகளுள் முதன்மையானவர் தேர்கூட் மார்ஷல். 1967 இல் அதே மன்றத்தின் முதற் கறுப்பின நீதியரசரானவர். 1954 மே 17 இல் ஒன்பது நீதியரசரும் ஒருமித்துத் தீர்ப்புக் கூறினர். கட்டடமும் நூலும் ஆசிரியர் வேதனமும் ஒத்திருப்பினும், பிரித்து வைத்தல் பிள்ளையின் உள்ளத்திலே தான் தாழ்ந்தவன் என்னும் எண்ணத்தை விதைக்கும். ஆதலின் கல்வியிற் பிரிவினை சமமாகாது என்றனர்.

மூலத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, உரை மாறிற்று. உரை மாறியதனால் உலகம் உடனே மாறிவிடவுமில்லை. 1957 இல் லிற்றில் றொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் பாடசாலைக்குட் புக ஜனாதிபதி ஐசன்ஹோவர் இராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. வசை பொழியும் கூட்டத்தினூடே புத்தகங்களை ஏந்திச் சென்ற அவ்வொன்பதின்மரே அத்தீர்ப்புக்கு உயிர் கொடுத்தோர்.

உரைமாற்றம் என்றும் ஒரே திசையில் நிகழ்வதுமன்று. கருக்கலைப்பு உரிமை யாப்பில் அடங்கும் என 1973 இல் உரைத்த மன்றம், அடங்காது என 2022 இல் உரைத்தது. இரு தீர்ப்பிலும் மறுப்புரைகள் உள. அவற்றுள் எது நிற்கும் என்று நாட்டினர் இன்னும் வாதிடுகின்றனர்.

பாண்டியன் நெடுஞ்செழியன் தன் தவறுணர்ந்த அக்கணமே உயிர்நீத்து, வளைந்த கோலை நிமிர்த்தினான். நீதிமன்றத்துக்கு அவ்வழி இல்லை. தன் பழைய தீர்ப்பைத் தானே மறுத்தல் ஒன்றே அதன் கோல் நிமிரும் வழி. அதற்குத் துணையாவது, தோற்ற அன்றும் காரணங் காட்டி எழுதிப் பேணப்பட்ட மறுப்புரையே. மாணவர்காள், பலரும் ஒன்று கூறுமிடத்து உங்கள் அறிவு வேறு கூறுமாயின் அதனை மறையாது, பிறரை இகழாது, காரணத்தோடு எழுதிவையுங்கள். ஹார்லன் எழுதியது அவர் காலத்தாருக்குப் பயன்படவில்லை. அவர் கண்டிராத ஒரு சிறுமிக்குப் பயன்பட்டது.