ஒத்தக்கடையிலிருந்து ஒருநாள் உலா

மதுரைக்கு வரும் சுற்றுலாப் பேருந்துகள் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் காட்டிவிட்டுக் கொடைக்கானலுக்கோ இராமேசுவரத்துக்கோ விரைகின்றன. நகருக்கு வடகிழக்கே, மேலூர்ச் சாலையில் உள்ள ஒத்தக்கடையில் அவை நிற்பது அரிது. ஒற்றைக்கடை என்பதன் பேச்சு வடிவமே ஒத்தக்கடை. இன்றோ சாலையின் இருமருங்கும் கடைகள் நெருங்கியுள்ளன. ஊரின் பின்னே, படுத்திருக்கும் யானை போல யானைமலை நீண்டு கிடக்கிறது. இங்கிருந்து சிற்றுந்தில் காலையில் புறப்படுவோர், ஈராயிரம் ஆண்டு வரலாற்றின் சுவடுகளைக் கண்டு மாலைக்குள் திரும்பலாம்.

முதலில் காணத்தக்கது மலையடிவாரத்து நரசிங்கம். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி, இங்குத் திருமாலுக்குக் குடைவரைக் கோயில் எடுப்பித்தார். குடமுழுக்கு நிகழுமுன்னரே அவர் மறைந்தார். அவருக்குப் பின் அமைச்சரான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்துப் பணியை நிறைவு செய்தார். கி.பி. 770ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு இச்செய்தியைத் தருகிறது. தமிழை வட்டெழுத்திலும் வடமொழியைக் கிரந்தத்திலும் பொறித்துள்ளனர். அருகிலுள்ள லாடன் கோயில், முருகனுக்குரிய சிறு குடைவரை. மலைச்சரிவில் சமணர் கற்படுக்கைகளும் தமிழி எழுத்துகளும் உள்ளன. அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் பெயரும் அங்குக் காணப்படுகிறது. மூன்று சமயங்கள் பகிர்ந்துகொண்ட மலை இது. இதன் ஒரு பகுதியில் சிற்பநகரம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். அவ்வெழுச்சியை ஒட்டித் தோன்றிய 'பசுமை நடை' என்னும் அமைப்பு, எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுப்பில், மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்கு மக்களை அழைத்துச் செல்கிறது.

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரைக் கடந்தால் மேலூர். முல்லைப் பெரியாற்று நீரால் வயல்கள் செழித்த சந்தையூர் அது. உணவு உண்ண ஏற்ற இடமும் அதுவே. அப்பாலுள்ள கீழவளவில் தொண்டியைச் சேர்ந்த ஒருவர் அளித்த குகைத்தளம் உண்டு. அங்குள்ள தமிழிக் கல்வெட்டில் சில எழுத்துகள் இடவலமாகவும் தலைகீழாகவும் உள்ளன. கல்லுடைக்கும் தொழிலால் சுற்றுப்புறக் குன்றுகள் பல உருவிழந்தமையையும் அங்குக் காணலாம்.

அரிட்டாபட்டி வேறொரு நிலைமையைக் காட்டுகிறது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய சிற்றூர்களின் 193.42 ஹெக்டேர் பரப்பை, 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத்தலமாக அரசு அறிவித்தது. வல்லூறுகள் கூடுகட்டும் பாறைகளும், சுனைகளும், குடைவரைச் சிவன் கோயிலும் அங்குள்ளன. ஆயினும் 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. அறிவிப்பு மட்டும் ஒரு குன்றைக் காத்துவிடாது என்பதை மேலூர் வட்டார உழவர்கள் விரைந்து உணர்ந்தனர். 2025 சனவரியில் அவர்கள் மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். அம்மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை விலக்கிக்கொண்டது.

பொழுது சாயுமுன் அழகர்மலைத் தொடரின் கிடாரிப்பட்டிக் குகைத்தளத்தை அடைதல் நன்று. ஏற்றம் சற்றுக் கடினமானது. குடிநீர் கொண்டுசெல்ல வேண்டும். சமணத் துறவியர்க்குக் கொடையளித்தோரின் பெயர்கள் பாறை விளிம்பில் வரிசையாக உள்ளன. அவர்களுள் அரசர் இல்லை. மதுரையின் பொற்கொல்லர், உப்பு வணிகர், சருக்கரை விற்றவர், கொழு விற்றவர், துணி விற்ற அறுவை வணிகர் ஆகியோரே உள்ளனர். பழைய மதுரையின் கடைத்தெரு ஒன்றை அங்கு நின்று படிக்கலாம்.