ஸ்ரீரங்கம்னு தேடினா வரணும்: லேப்டாப்பிலேயே ஒரு வெள்ளோட்டம்

மினி புராஜெக்ட் சீசன் வந்தாச்சு. பாதி டீமாவது வெப் அப்ளிகேஷன் எடுத்திருப்பீங்க. "என் லேப்டாப்ல ஓடுச்சு சார்" என்ற வசனத்தை ரிவ்யூ அன்னைக்கு நீங்க சொல்லாம இருக்கணும். அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

புதுசா தேர் செஞ்சா, திருவிழாவுக்கு முன்னாடி வெள்ளோட்டம் விடுவாங்க, பார்த்திருப்பீங்க. தேர் ஓடப்போற அதே வீதியில, சாமி இல்லாம இழுத்துப் பார்ப்பாங்க. சக்கரம் சரியா உருளுதா, முனையில திரும்புதான்னு அப்பவே தெரிஞ்சிடும். லோக்கல் டெவலப்மென்ட் என்விரான்மென்ட் என்பதும் அதேதான். சர்வரில் ஓடப்போற ஆப்பை, யாருக்கும் காட்டுறதுக்கு முன்னாடி நம்ம மெஷினிலேயே இழுத்துப் பார்க்கிற ஏற்பாடு. ஒரே ஒரு நிபந்தனைதான். வெள்ளோட்டம் விடுற வீதி, நிஜத் தேர் ஓடுற வீதி மாதிரியே இருக்கணும்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன ஆப் எடுத்துக்குவோம். திருச்சி பஸ் ஸ்டாப் தேடல். சத்திரம், மாம்பழச்சாலை, திருவானைக்காவல், ஸ்ரீரங்கம், கொள்ளிடம் எல்லாம் ஒரு டேபிளில் இருக்கு. பெயரைத் தமிழில் டைப் பண்ணினா அந்த ஸ்டாப் வரணும். இதுக்கு பைதான், ஃபிளாஸ்க், எஸ்க்யூலைட் மூணும் போதும்.

செட்டப்: நாலு படி

1. பைதானும் கிட்டும் போடுங்க. விண்டோஸில் பைதான் இன்ஸ்டாலர் வரும்போது, பாத்தில் சேர்க்கவான்னு கேட்கிற கட்டத்தை மறக்காம டிக் பண்ணுங்க. அதை விட்டுட்டா, டெர்மினலில் பைதான்னு அடிச்சாலும் அதுக்குத் தெரியாம போகலாம்.

2. புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்குங்க. இதுக்கான வென்வ் என்ற மாட்யூல் 2012-ல் வந்த பைதான் 3.3-லிருந்து கூடவே வருது. ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனிச் சமையலறை மாதிரி. இந்த செமஸ்டர் புராஜெக்ட்டுக்குப் போட்ட லைப்ரரி, போன செமஸ்டர் புராஜெக்ட்டைக் கெடுக்காது. ஆக்டிவேட் பண்ணினதும் டெர்மினல் வரியோட தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள்ள அதன் பெயர் வரும். வரலைன்னா மேல போகாதீங்க. பவர்ஷெல் "ஸ்கிரிப்ட் ஓட அனுமதி இல்லை"ன்னு மறுத்தா, பழைய கமாண்ட் பிராம்ப்ட்டில் ஆக்டிவேட் பண்ணிப் பாருங்க.

3. அதுக்குள்ள பிப் மூலமா ஃபிளாஸ்க் போடுங்க. போட்டதும், என்னென்ன லைப்ரரி, எந்த வெர்ஷன் என்ற பட்டியலை பிப் ஃப்ரீஸ் மூலமா ரிக்கொயர்மென்ட்ஸ் ஃபைலில் எழுதி வைங்க. அடுத்தவர் லேப்டாப்பிலும் அதே வீதியைப் போட இந்த ஃபைல்தான் உதவும். வென்வ் ஃபோல்டரையும், பாஸ்வேர்ட் இருக்கும் ஃபைலையும் கிட்டில் ஏத்தக் கூடாது. ரெண்டையும் கிட்இக்னோரில் சேர்த்துடுங்க.

4. ஃபிளாஸ்க்கை டீபக் மோடில் ஓட விட்டு, பிரவுசரில் 127.0.0.1:5000 திறங்க. 127.0.0.1 என்பது உங்க மெஷினே தன்னைக் கூப்பிடுற முகவரி. ஹாஸ்டல் வைஃபை போயிட்டாலும் இது ஓடும். டீபக் மோட் உங்க லேப்டாப்புக்கு மட்டும்தான். எர்ரர் பக்கத்திலிருந்தே பைதான் கோடை ஓட்டுற வசதி அதில் இருக்கு. பொது சர்வரில் அதைத் திறந்து வைக்கிறது, வாசல் கதவில் சாவியைத் தொங்க விட்டுட்டு ஊருக்குப் போற மாதிரி.

இந்த நாலோட பல டியூட்டோரியல் முடிஞ்சிடும். அதில் டெஸ்ட் டேட்டாவும் எல்லாம் இங்கிலீஷ் பெயராத்தான் இருக்கும். நம்ம ஆப்பைத் தேடப்போறவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்கிறவர். அவர் தமிழில்தான் டைப் பண்ணுவார். அதனால நிஜ வீதியில இருக்கிற மூணு பள்ளத்தை இப்பவே பார்த்துடுவோம்.

பள்ளம் 1: புள்ளி வெச்சா எர்ரர்

ஸ்டாப் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் யூடிஎஃப்-8 ஆக சேவ் பண்ணி, பைதானில் திறக்கிறீங்க. என்கோடிங் சொல்லலைன்னா, பைதான் 3.14 வரைக்கும் விண்டோஸ் தன்னோட பழைய கோட் பேஜை எடுத்துக்கும். நம்ம லேப்டாப்களில் அது பெரும்பாலும் 1252. தமிழ்ப் புள்ளிக்கு யூடிஎஃப்-8-ல் மூணு பைட், அதில் கடைசி பைட் 8டி. 1252 அட்டவணையில் 8டி-க்கு எதுவுமே இல்லை. ஃபைலோட முதல் சொல் ஸ்ரீரங்கமா இருந்தா, பொசிஷன் 5-ல் எர்ரர் வரும். 0-லிருந்து எண்ணிப் பாருங்க, ஸ மூணு பைட், அடுத்த புள்ளியோட மூணாவது பைட்டில் சரியா நிற்கும். லினக்ஸ் சர்வரில் வழக்கமா யூடிஎஃப்-8 என்பதால் அங்க ஓடும், இங்க ஓடாது. தீர்வு சுலபம். ஃபைல் திறக்கிற ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யூடிஎஃப்-8-ன்னு நீங்களே எழுதிடுங்க.

பள்ளம் 2: பெரிய எழுத்து, சின்ன எழுத்து

இது தலைகீழ். இங்க ஓடும், அங்க ஓடாது. படத்தோட ஃபைல் பெயரில் முதல் எழுத்து கேப்பிட்டல், கோடில் ஸ்மால். விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் சர்வருக்கு அது வேற ஃபைல். படம் வராது. எல்லா ஃபைல் பெயரையும் ஸ்மால் லெட்டரில், ஸ்பேஸ் இல்லாம வைங்க. விண்டோஸ்காரங்க டபிள்யூஎஸ்எல் போட்டு, லினக்ஸுக்குள்ளயே புராஜெக்ட்டை வெச்சுக்கிட்டா இந்த வித்தியாசம் ஆரம்பத்திலேயே தெரிஞ்சிடும்.

பள்ளம் 3: ரெண்டு ஸ்ரீரங்கம்

இதுதான் ஆழமான பள்ளம். 'ஸ்ரீ'யை யூனிகோடில் ரெண்டு விதமா எழுதலாம். ஒண்ணு 'ஸ'வில் தொடங்கும். இன்னொண்ணு 2005-ல் யூனிகோட் 4.1-ல் சேர்ந்த 'ஶ' என்ற எழுத்தில் தொடங்கும். பின்னாடி வர்ற புள்ளி, ர, ஈகாரக் குறி மூணும் ஒண்ணுதான். திரையில் ரெண்டும் பொதுவா ஒரே வடிவமாத்தான் தெரியும். எண்ணிப் பார்த்தாலும் ஸ்ரீரங்கம் 10 கோட்பாயின்ட், 30 பைட். ஶ்ரீரங்கம் எழுதினாலும் அதே 10, அதே 30. ஆனா கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற சொல். டேபிளில் ஒண்ணு இருந்து, பயனர் இன்னொண்ணை டைப் பண்ணினா, "ஸ்டாப் இல்லை"ன்னு பதில் வரும். பஸ் கண் முன்னாடி நிற்கும், ஆப் இல்லைன்னு சொல்லும். நாம டைப் பண்ணி நாமளே தேடினா இது எப்பவும் மாட்டாது. ஏன்னா நம்ம கீபோர்டு ஒண்ணுதான்.

கொள்ளிடத்திலும் இப்படி ஒரு சிக்கல் இருக்கு. 'கொ'வில் இருக்கிற ஒகரக் குறி ஒரே கோட்பாயின்டாவும் வரலாம், ஒற்றைக் கொம்பு, கால் எனப் பிரிஞ்சும் வரலாம். முதல் வகையில் சொல்லோட நீளம் 9, ரெண்டாவதில் 10. பைதானோட யூனிகோட்டேட்டா மாட்யூலில் என்எஃப்சி நார்மலைசேஷன் செஞ்சா ரெண்டும் ஒண்ணாகிடும். ஆனா ரெண்டு 'ஸ்ரீ'யையும் என்எஃப்சி ஒண்ணாக்காது. அதை நாமதான் செய்யணும்.

வழி இதுதான். ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்க. முதலில் என்எஃப்சி, அப்புறம் 'ஶ'வில் தொடங்கும் 'ஸ்ரீ'யை 'ஸ'வுக்கு மாத்தணும், கடைசியில் முன்பின் ஸ்பேஸை வெட்டணும். டேபிளில் பெயரை உள்ளபடியே ஒரு காலத்தில் வைங்க. ஃபங்ஷன் தர்ற வடிவத்தைத் தேடலுக்குன்னு தனிக் காலத்தில் வைங்க. பயனர் டைப் பண்ணுறதையும் அதே ஃபங்ஷன் வழியா அனுப்பிட்டுத் தேடுங்க.

ரிவ்யூவுக்கு முந்தின வாரம்

டெஸ்ட் டேட்டாவில் ரெண்டு ஸ்ரீரங்கம், ரெண்டு கொள்ளிடம் கட்டாயம் இருக்கட்டும். நாலுக்கும் சரியான ஸ்டாப் வருதான்னு ஒரு டெஸ்ட் எழுதுங்க. அப்புறம் ரீட்மீ ஃபைலில் செட்டப் படிகளை எழுதி, உங்க டீமில் இல்லாத ஒரு ஃபிரண்டுகிட்ட லிங்க்கை மட்டும் குடுங்க. பக்கத்தில் உட்காருங்க, ஆனா வாயைத் திறக்காதீங்க. அவங்க எங்க நின்னு உங்களைப் பார்க்கிறாங்களோ, அங்க ரீட்மீயில் ஒரு வரி குறையுதுன்னு அர்த்தம். அந்த வரியைச் சேர்த்துட்டு, இன்னொருத்தர்கிட்ட குடுங்க.

முதல் முறை செட்டப் பண்ணும்போது எர்ரர் வந்து, "நமக்குக் கோடிங் வராதுபோல"ன்னு ஒதுங்கிப் போற ஜூனியர்கள் நிறைய. அவங்களுக்குச் சொல்லுங்க, பொசிஷன் 5-ல் வந்த எர்ரர் அவங்க அறிவைப் பத்தினது இல்லை, ஒரு புள்ளியைப் பத்தினது.