ஓ.கே. அமுக்கும் முன் கொஞ்சம் நில்லுங்க!



சேமிப்பு, உள்கடன் வரவு எல்லாம் இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. பதிவு செய்துகொண்டிருக்கும்போதே திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். "சரி, போகட்டும்" என்று நாமும் ஓ.கே. அமுக்கிவிடுவோம். அந்தப் பெட்டி என்ன சொல்லுது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

பெட்டி எங்கிருந்து வருகிறது?

தையல் வேலையில் பட்டனையும் ஜிப்பையும் நாமே செய்வதில்லை, கடையில் வாங்கித் தைக்கிறோம். புரோகிராம் எழுதுகிறவரும் அப்படித்தான். திரையில் வரும் பட்டன், பெட்டி எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும் கருவித் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறார். 'டி.கே.' அப்படி ஒரு தொகுப்பு. ஜான் ஆஸ்டர்ஹவுட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உருவாக்கியது. நம் பிள்ளைகள் படிக்கும் பைத்தான் மொழியில் இதை 'டி.கே.இன்டர்' என்பார்கள். அதில் மூன்று வகைச் செய்திப் பெட்டிகள் உண்டு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் அவற்றின் அடையாளம் இது:

1. தகவல்: நீல வட்டம், உள்ளே 'ஐ' எழுத்து. "பதிவாகிவிட்டது" என்பது போன்ற சேதி.
2. எச்சரிக்கை: மஞ்சள் முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி. "ஏதோ இடிக்குது, பார்த்துக்கொள்" என்று அர்த்தம்.
3. பிழை: சிவப்பு வட்டம், உள்ளே பெருக்கல் குறி. கேட்ட வேலை நடக்கவில்லை.

எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

சிவப்பைப் பார்த்துத்தான் நாம் பதறுவோம். ஆனால் சிவப்பு வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். மஞ்சள் அப்படியில்லை, முடிவை நம்ம கையில் விட்டுவிடும்.

ஓர் உறுப்பினரின் கடன் பாக்கி 5,000 ரூபாய். அவர் 1,500 கட்டுகிறார். கைதவறி 15,000 என்று அடித்துவிட்டோம். "பாக்கியைவிட வரவு அதிகம், தொடரவா?" என்று மஞ்சள் பெட்டி கேட்கிறது. படிக்காமல் 'ஆம்' அமுக்கினால் கணக்கில் 15,000 ஏறிவிடும். கையிருப்பை எண்ணினால் 13,500 ரூபாய் குறையும். சந்தேகம் யார் மேல் விழும்? பணம் வாங்கிய சகோதரி மேல்தானே!

பெட்டியே வராவிட்டால்?

இதுதான் இன்னும் மோசம். டி.கே.இன்டரில் பட்டன் அமுக்கும்போது பிழை வந்தால், அதைப் பிடித்துப் பெட்டியில் காட்டும்படி புரோகிராமர் தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் பிழைச்செய்தி பின்னால் இருக்கும் கறுப்புத் திரைக்குப் போய்விடும். அந்தத் திரையும் மறைந்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஜன்னல் வழக்கம்போலத் திறந்தே இருக்கும், கணக்கு மட்டும் ஏறியிருக்காது. அதனால் "பதிவாகிவிட்டது" என்ற சேதியைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த பெயருக்குப் போங்க.

செய்ய வேண்டியவை

* பெட்டி வந்தால் முதலில் நிறத்தைப் பாருங்க, பிறகு எழுத்தைப் படிங்க. புரியாவிட்டால் செல்போனில் படம் எடுத்து வையுங்க.
* மஞ்சள் வந்தால் தொகையை ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்க.
* கூட்டம் முடியும் முன் கம்ப்யூட்டர் மொத்தமும் ரொக்கப் புத்தகமும் ஒத்துப்போகுதா என்று பாருங்க.
* புரோகிராம் எழுதித் தருகிறவரிடம், "என்ன தப்பு, எந்த இடத்தில், அடுத்து என்ன செய்யணும், மூன்றும் தமிழில் வரணும்" என்று கேளுங்க. கேட்பது நம் உரிமை.

கூட்டத்தில் பேச: போன மாதம் உங்கள் குழுவில் படிக்காமலே ஓ.கே. கொடுத்த பெட்டி எது? அது என்ன நிறம்?